ஜானகி அம்மாளை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். தாவரவியல் விஞ்ஞானி இ.கே. ஜானகி அம்மாளை நான் நேரில் பார்த்ததில்லை. 1984 பிப்ரவரியில் அவர் மதுரவாயலில் காலமானபோது நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் யாரென்றே தெரியாது. ஆனால் வாழ்க்கையில் ஏதோ ஒரு திருப்பத்தில் அவர் எதிரே வந்து நின்றுகொண்டே இருந்தார். உங்களுக்கும் அப்படி நடந்திருக்கும் என்று நினைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் சந்திப்பு பி.எஸ்சி. படிக்கும்போது. எங்களைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல கரும்பு ஒரு வரிசை. பக்கத்திலேயே ஆற்றோரத்தில் முளைக்கிற பேய்க்கரும்பு ஒரு வரிசை. விரல் தடிமன்கூட இல்லை, கடித்தால் இனிப்பும் கிடையாது. இதை எதற்கு இவ்வளவு அக்கறையாக வளர்க்கிறார்கள் என்று கேட்டேன். சாறு கரும்பிடம் இருக்கிறது, நோயையும் வறட்சியையும் குளிரையும் தாங்கும் வலு இதனிடம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் இந்தியாவுக்கு ஏற்ற கரும்பு வந்தது என்றார்கள். கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும். பூத்தால்தான் மகரந்தம் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்க முடியும். அதனால்தான் 1912இல் நிலையத்தை இங்கே வைத்தார்கள். அந்தப் பேய்க்கரும்பின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கிற இழைகளை, உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஒரு பெண் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். 1934லிருந்து 1939 வரை இங்கே வேலை பார்த்திருக்கிறார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலப்பினம் செய்து பார்த்தவர். நான் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை கொஞ்சம் வலியோடு. எம்.எஸ்சி. முடித்து ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். பாடத்தில் ஒரு கேள்வி இல்லை. "கல்யாணம் ஆயிடுச்சா? பசங்களைக் கூட்டிட்டு மலைக்கெல்லாம் போக வேண்டியிருக்கும், பொம்பளப் பிள்ளை நீ எப்படிப் போவே?" என்றுதான் கேட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. அன்றைக்குப் பேருந்தில் வரும்போது அந்த நோட்டுப் பெயர் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவரைத் தேடித் தேடிப் படித்தேன். தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அக்கா தங்கைகள் கல்யாணம் செய்துகொண்டு போனபோது இவர் படிப்பைத் தேர்ந்துகொண்டார். பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் பட்டது வேறு. அமெரிக்கா போவதற்கு முன்பே அவர் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், திரும்பி வந்து திருவனந்தபுரத்திலும் 1932 முதல் 1934 வரை பேராசிரியையாக இருந்தவர். விஞ்ஞானி என்று எல்லோரும் சொல்கிறார்கள், டீச்சர் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அவர் டீச்சர்தான்.

மூன்றாவது, என் வகுப்பறையில். பதினொன்றாம் வகுப்புக்கு வெங்காய வேர் நுனி செய்முறை, செல்லில் குரோமோசோம்களை எண்ண வேண்டும். எங்கள் பள்ளியில் உருப்படியான மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை பார்த்துவிட்டு "பதினாலுதான் வருது மிஸ்" என்றாள். அடுத்தவள் பதினேழு என்றாள். ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடந்தால் இரண்டு ஒன்றாகத் தெரியும், நடுவில் வளைந்தது இரண்டாகத் தெரியும். கண்ணை இடுக்கி, படம் வரைந்து, மறுபடி பார்த்து, முக்கால் மணி நேரம் கழித்துப் பதினாறு வந்தது. அப்போதுதான் சொன்னேன்: வெங்காயத்துக்குப் பெரிய பெரிய குரோமோசோம், அதுவும் பதினாறே பதினாறு. கரும்பில் 80. பேய்க்கரும்பில் செடிக்குச் செடி மாறும், 40லிருந்து 128 வரை போகும், எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். நம் ஊரில் ஒரு அம்மா அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பில் அதை எண்ணினார். வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரு பிள்ளை மட்டும் கேட்டாள்: "கண்ணு வலிக்கலையா மிஸ் அவங்களுக்கு?"

நீங்கள் சொல்லுங்கள்.


இங்கிலாந்து சர்ரேயிலிருந்து, செவிலியர்:

அக்கா, நான் உங்கள் மாதிரி படித்தவள் இல்லை, பூ பார்க்கப் போனவள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் விஸ்லி தோட்டம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவை மார்ச் கடைசியில் கூட்டிக்கொண்டு போனேன். இலை ஒன்றுகூட இல்லாத மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூ. மக்னோலியா. அம்மா பெயர்ச்சீட்டைக் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஏளா, ஜானகி அம்மாள்னு போட்டிருக்கு, நம்ம ஊர்ப் பேருல்லா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்கள். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் உண்மைதான், அந்த மரத்தின் வகைப் பெயரே அதுதான்.

வீட்டுக்கு வந்து படித்தேன். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்கு வந்தவர், உலகப் போர் மூண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். லண்டனில் ஜான் இன்னஸ் என்ற தாவர ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் போய்விடுவாராம், மறுநாள் அலமாரியில் உடைந்து கிடக்கிற கண்ணாடியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வாராம். மரபியல் அறிஞர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையெல்லாம் திரட்டிய பெரிய புத்தகம் 1945இல் வந்தது. அதன் பிறகுதான் விஸ்லி. மக்னோலியா நாற்றுகளில் கொல்சிசின் என்ற மருந்தைத் தடவி 38 குரோமோசோமை 76 ஆக்கினார். அப்படி இரட்டித்தால் இதழ் தடிப்பாக வரும் என்கிறார்கள்.

அம்மா கீழே விழுந்து கிடந்த இதழ் ஒன்றை எடுத்து பைபிளுக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். இப்போது பழுப்பாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள்.


மூலனூர்ப் பக்கத்திலிருந்து, விவசாயி:

மேலே சகோதரி கொல்சிசின் என்று எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நம் கண்வலிக் கிழங்கில் இருக்கிற சத்து. செங்காந்தள் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநில மலர். நாங்கள் விதைக்காகப் போடுகிறோம். மூட்டுவாத மருந்துக்கு விதை போகிறது என்பது மட்டும்தான் தெரியும். செடியின் குரோமோசோமை இரட்டிக்கிற மருந்தும் அதுவே என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

இந்தப் பயிரில் விடிகாலையில் பெண்கள் வந்து பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கிழங்கு விஷம், தொட்ட கையோடு சோறு தின்னக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்தார்கள். அந்த விஷத்தை ஒரு அம்மா அளந்து எடுத்து மரத்துக்குக் கொடுத்துப் பூப் பூக்க வைத்திருக்கிறார். நாளைக்குத் தோட்டத்துக்கு வருகிற பெண்களிடம் இதைச் சொல்லப்போகிறேன்.


பாலக்காட்டிலிருந்து:

நான் சைலன்ட் வேலி மழைக்காட்டில் சந்தித்தேன். முக்காலியில் இறங்கி வனத்துறை ஜீப்பில் ஏறினால் உள்ளே குந்திப்புழை. அதன் குறுக்கே அணை கட்ட இருந்ததைப் பெரிய போராட்டம் நடத்தித் தடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஜானகி அம்மாளும் அதில் இருந்தார். காடு போவதற்குள் அங்குள்ள செடிகளின் குரோமோசோமையாவது கணக்கெடுத்து வைக்க வேண்டும் என்று வேலையில் இறங்கியவர். நேரு அழைத்து 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பில் இருந்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர். அந்த வயதிலும் அரசின் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். திட்டம் கைவிடப்பட்டது. தேசியப் பூங்காவாக அறிவித்தது 1984 நவம்பரில். அவர் போய் ஒன்பது மாதம். அந்தப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.


கொடைக்கானலிலிருந்து:

எங்கள் ஊர் ரோஜா வளர்ப்பாளர்கள் ஒரு புது ரோஜாவை உருவாக்கி அவர் பெயர் வைத்தார்கள், 2019இல். மஞ்சள் சாயல் நிறம். அவர் மஞ்சள் புடவை விரும்பிக் கட்டியவர் என்று படித்திருக்கிறேன்.


தஞ்சாவூரிலிருந்து, ஆசிரியை:

மேடம், போன வருடம்தான் வேலையில் சேர்ந்தேன். வெங்காய வேர் நுனி எனக்கு ஒருதடவைகூடச் சரியாக வரவில்லை. எல்லாம் சிவப்புக் குழம்பாகத்தான் தெரிகிறது. பிள்ளைகள் முன்னால் அவமானமாக இருக்கிறது. எப்படிச் செய்தீர்கள்?


கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இதழை பைபிளில் வைத்த அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

தஞ்சாவூர்த் தங்கைக்கு: அவமானம் என்று நினைக்காதே அம்மா, எனக்கும் மூன்று வருடம் குழம்புதான். வெங்காயத்தின் அடியில் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி டம்ளர் வாயில் உட்கார வை. நாலைந்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் வெட்டு, செல் பிரிவதை அப்போது பிடிக்கலாம். ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வை. அப்புறம் அசிட்டோகார்மைன் சாயம் ஒன்பது சொட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. வாட்ச் கிளாஸில் லேசாகச் சூடு காட்டு, கொதிக்கவே கூடாது. கடைசி 2 மில்லிமீட்டர் நுனி கருஞ்சிவப்பாகத் தெரியும். அதை மட்டும் எடு, மிச்சத்தைத் தூக்கிப் போடு. நீ முழு வேரையும் வைத்து நசுக்குகிறாய் என்று நினைக்கிறேன், அதனால்தான் குழம்பு.

கவர் ஸ்லிப் போட்டு, மேலே ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்து. பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லாம் உருண்டுவிடும். முதல் பத்து ஸ்லைடு வீணாகத்தான் போகும், அதற்கும் சேர்த்து வேர் வெட்டி வைத்துக்கொள்.