ஆச்சி பாடினால் அம்மா போனுக்குக் காது கேட்க மாட்டேன் என்கிறது

முக்கூடல் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். ஆச்சிக்கு 81 வயது. பிசான (நெல் பருவம்) நடவுக்குப் போன காலத்துப் பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் இன்னும் மனசில் வைத்திருக்கிறாள். பதிவு செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்து, இந்தத் தடவைதான் உட்கார்ந்தேன். என் போன் பாபநாசத்தில் குளிக்கப் போன இடத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது (அந்தக் கதை வேண்டாம்). அதனால் அம்மா போன்.

அதில் எடுத்தால் ஆச்சி கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறது. சத்தத்தை முழுக்க வைத்து, காதை ஒட்டிக் கேட்டால்தான் வார்த்தை பிடிபடுகிறது. ரீஸ்டார்ட் செய்தாயிற்று. மைக் அனுமதியும் இருக்கிறது. வேறு ரெக்கார்டர் செயலி இறக்கினேன், அதிலும் இதே கதி. வீடியோ எடுத்தால் மட்டும் சத்தம் சுமாராக வருகிறது. அம்மாவிடம் கேட்டேன். போனில் பேசும்போது எதிராளி 'என்ன, என்ன' என்று கேட்பதால் ஆறு மாதமாக ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுகிறாளாம். தெருவே கேட்கிற மாதிரி ஏன் பேசுகிறாள் என்று இதுவரை நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் பார்த்துவிட்டு போர்டையே மாற்ற வேண்டும், நாலாயிரம் ஆகும் என்றார்களாம்.

இன்னொன்று, பாடு என்று சொன்னால் ஆச்சி பாட மாட்டாள். மடியில் சுளகை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றும்போதுதான் பாட்டு வரும். போனைச் சுளகு ஓரத்திலேயே வைத்து எடுக்கிறேன். ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்ப வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:

ஃபேக்டரி ரீசெட் போடுங்க, சரியாயிரும்.

பாளை ரிப்பேர் கடை:

ரீசெட் எல்லாம் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. உள்ள போட்டோவும் போகும், மைக்கும் அப்படியேதான் இருக்கும்.

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். சுளகு! போனில் ஒரு மைக் மட்டும் இல்லை. சார்ஜர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஓட்டை இருக்கும், அது ஒன்று. தலைப்பக்கமோ பின் காமிரா பக்கமோ இன்னொன்று இருக்கும். காதில் வைத்துப் பேசுவதும் ரெக்கார்டரும் பெரும்பாலும் கீழ் மைக்கை நம்பித்தான். வீடியோவும் ஸ்பீக்கர் பேச்சும் பல மாடல்களில் மேல் மைக்கையும் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வீடியோவும் ஸ்பீக்கர் பேச்சும் பரவாயில்லை, காதில் வைத்துப் பேசுவதும் ரெக்கார்டரும் மந்தம். அப்படியென்றால் கீழ் ஓட்டை அடைத்திருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் போன் வந்தால் நான் முதலில் சார்ஜர் ஓட்டையை முகர்ந்துதான் பார்ப்பேன். புகையிலைத் தூள் வியர்வையோடு சேர்ந்தால் அடை மாதிரி பிடித்துவிடும்.

போனை அணைத்து, கவரைக் கழற்றுங்கள். கவரில் மைக்குக்கு விட்ட துளை நேராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மலிவுக் கவர் என்றால் கால்வாசி மறைத்திருக்கும். ஓட்டை தரையைப் பார்க்கிற மாதிரி போனைப் பிடித்து, ஈரமில்லாத மெத்தென்ற பல் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். ஊசி, சேப்டி பின், சிம் எடுக்கிற கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே சல்லடைத் துணி மாதிரி ஒன்று, அதற்குப் பின்னால் மைக். சிம் ஓட்டை என்று நினைத்து மைக்கைக் குத்திக் கொன்றவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். சைக்கிள் கடைக் காற்றும் வேண்டாம்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் நிறைய மாடல்களில் கீழ் மைக் சார்ஜிங் போர்டில்தான் இருக்கிறது. அது சின்னப் போர்டு, தனியாகவே மாற்றலாம். நாலாயிரம் கேட்டவர் எந்தப் போர்டைச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள்.

முக்கூடல் பேத்தி:

அண்ணாச்சி, பிரஷ் முழுக்கப் பழுப்பு! செல்லோடேப்பில் ஒட்டி வந்ததை அம்மாவிடம் காட்டினேன், "ஒரு பீடிக்கு ஆகும்" என்றாள். ஸ்பீக்கர் போடாமல் மாமாவிடம் பேசிப் பார்த்தோம், தெளிவாகக் கேட்கிறதாம்.

ஆனால் பாட்டு இன்னும் சரியில்லை. பேசினால் நன்றாகப் பதிகிறது. பாடும்போது அடியின் முதல் வார்த்தை கணீர் என்று வருகிறது, ஆச்சி இழுத்து நிறுத்துகிற இடம் கரைந்து போகிறது. இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் விழுந்ததும் குரல் பொசுக்கென்று அமுங்கி, மெதுவாகத்தான் மேலே வருகிறது.

மைக்செட்டு அண்ணாச்சி:

கோயில் கொடைக்குக் கொடை ஒலிபெருக்கிக் குழாய் கட்டி 22 வருடம் ஆகிறது, இது நம்ம ஏரியா.

இரண்டு வேலை உங்களுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஒன்று இரைச்சல் நீக்கம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வருகிற சத்தத்தை ஃபேன் ஓடுகிறது என்று நினைத்துப் போன் அழித்துவிடும். ஆச்சி இழுக்கிற இழுவை அதற்கு ஃபேன். இன்னொன்று, தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை. சுளகில் போன் இருந்தால் கத்தரிதான் மைக்குக்கு மிக நெருக்கமான பாடகர். அது 'சடக்' என்றதும் மொத்தத்தையும் இறக்கிவிடும், ஆச்சியும் சேர்ந்து இறங்குவாள். வில்லுப்பாட்டில் குடம் தட்டுகிறவர் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டுப் பாடுகிற புலவர் குரல் எடுபடவில்லை என்று என்னைத் திட்டுவார்கள், அதே கதைதான்.

ரெக்கார்டர் அமைப்பில் இரைச்சல் நீக்கம் என்று இருந்தால் அணையுங்கள். 'ஆடியோ சோர்ஸ்' தேர்வு செய்ய விடுகிற செயலியாக இருந்தால் 'அன்ப்ராசஸ்ட்' (போன் கை வைக்காத சத்தம்) என்பதைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் உண்டு, ஆனால் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. இல்லாவிட்டால் 'வாய்ஸ் ரெகக்னிஷன்'. பேர் வேறு எதற்கோ என்றாலும் பொதுவாக அதில் இந்தச் சேட்டை குறைவு. கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி பிடிக்கும், பரவாயில்லை.

எல்லாவற்றையும் விட இடம்தான் முக்கியம். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். நாலடியிலிருந்து ஓரடிக்கு வந்தால் 12. எந்தச் செயலியும் இதைத் தராது. போனைச் சுளகிலிருந்து எடுத்து, ஆச்சி வாய்க்கு ஓரடியில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். கீழ் ஓட்டை ஆச்சியைப் பார்க்க வேண்டும். நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் சாய்வாக வையுங்கள், இல்லையென்றால் 'ப', 'பூ' வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று அடிக்கும். ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், விசிறி கொடுங்கள்.

சும்மா வந்தவன்:

நான் சொன்ன ரீசெட்டை வாபஸ் வாங்கிக்கிறேன்.

முக்கூடல் பேத்தி:

கவிழ்த்த மரக்கால், அதற்கு மேல் துண்டு, அதற்கு மேல் போன். 'அன்ப்ராசஸ்ட்' இந்தப் போனில் சத்தமே தரவில்லை, 'வாய்ஸ் ரெகக்னிஷன்' பிரமாதம். "அது என்னட்டி, என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கு" என்று ஆச்சி ஐந்து நிமிடம் பாடவில்லை. அப்புறம் மறந்துவிட்டாள். 40 நிமிடம், 11 பாட்டு. இழுவை முழுசாக நிற்கிறது. கத்தரியும் கேட்கிறது, தூரத்தில். அதை அழிக்கப் போவதில்லை.

இரண்டு அண்ணாச்சிகளுக்கும் நன்றி. போட்டுக் காட்டினேன். மூணாவது பாட்டில் ஒரு அடி விட்டுப்போச்சு, திரும்ப வை என்கிறாள். ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.