அக்கிலிஸ் தசைநாண் வலி: ஓய்வா, பயிற்சியா?

கேள்வி: ஓட்டத் தூரத்தைக் கூட்டியதிலிருந்து கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண், குதிகாலுக்கு மூன்று விரல்கடை மேலே தடித்து வலிக்கிறது. காலையில் முதல் பத்து அடி நொண்டல், நடக்க நடக்கச் சரியாகிறது. இரண்டு வாரம் ஓய்வெடுத்தும், ஓடினால் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

பதில் 1: ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் வலுப்பெறாது. அதைப் பாரம் தாங்கப் பழக்க வேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தைப் பதித்து, இரு காலாலும் எழும்பி, வலிக்கும் காலில் மட்டும் நின்று குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். ஏறும்போது மறுபடி நல்ல காலின் துணை. முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கி 3 சுற்று. தினம் இருவேளை, 12 வாரம். மடக்கிச் செய்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு அதுதான் வேலை கொடுக்கும். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் எடை போடுங்கள்.

பதில் 2: உங்களுக்கு இது பொருந்தும். ஆனால் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலி இருப்பவர்கள் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தசைநாண் குதிகால் எலும்பில் அழுந்தும். சமதரையில் செய்து, ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் 1 செ.மீ. உயரம் கொடுக்கலாம்.

கேட்டவர்: செய்யும்போதே வலித்தால்?

பதில் 1: பத்துக்கு ஐந்து வரை பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பைப் பாருங்கள். கூடியிருந்தால் பையின் எடையைக் குறையுங்கள்.

பதில் 3: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், தசைநாண் கிழியும் ஆபத்து உண்டு. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல 'பட்' என்று விட்டால் குப்புறப் படுங்கள், ஒருவரைக் கெண்டைக்காலை அழுத்தச் சொல்லுங்கள். பாதம் அசையாவிட்டால் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.