12 கணினி, அதில் 5 பழையவை: லைசென்ஸ் வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா?

கேட்டவர்:
வணக்கம். சிறிய அலுவலகம், 12 கணினிகள், எல்லாம் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. நாங்கள் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டோம். 7 கணினிகளில் விண்டோஸ் 11 ஏறும் என்று காட்டுகிறது. மீதி ஐந்திலும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை. அவற்றில் ஒன்றின் மதர்போர்டு பழுதாகி வேறு போர்டு மாட்டினோம். அன்றிலிருந்து விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. கணினியோடு வந்த அதே சாவியைத்தான் கொடுக்கிறேன்.

இதைப் பார்க்க வந்தவர் 5 புதிய கணினி, ஒரு விண்டோஸ் சர்வர், 12 பேருக்கும் சிஏஎல் என்ற அணுகல் லைசென்ஸ் என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சர்வர் எதற்கென்று கேட்டால், பொதுக் கோப்புறைக்காம்!

இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் இதெல்லாம் மிச்சமாகுமா? கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதைத் தொடுபவர்கள் 3 பேர். மற்றவர்களுக்கு பிரவுசர், மின்னஞ்சல், வேர்டு, எக்செல் போதும். பழைய கணினி ஒன்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பிரிண்டர் தானாக வந்தது, வைஃபை வரவில்லை.

பதில் 1:
முதலில் மதர்போர்டு. கணினியோடு வருவது ஓஇஎம் லைசென்ஸ். அது அந்தக் கணினிக்கே, நடைமுறையில் அந்த போர்டுக்கே உரியது. உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரே போர்டை மாற்றித் தந்தால் வேறு கதை. நீங்களாக மாற்றினால் புது லைசென்ஸ்தான். தனியாக வாங்கும் ரீட்டெயில் லைசென்ஸை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். இணையத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கிற சாவிகள் பக்கம் போகாதீர்கள். நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த சாவிகளும் அதில் கலந்திருக்கும், இன்று வேலை செய்யும், நாளை முடங்கலாம்.

சர்வர் விஷயத்தில் உங்களுக்குத் தேவையில்லாததை எழுதியிருக்கிறார். கோப்பு, பிரிண்டர் பகிர விண்டோஸ் ப்ரோவே போதும். அதன் ஒப்பந்தத்திலேயே 20 சாதனங்கள் வரை இணையலாம் என்று இருக்கிறது. சிஏஎல் என்பது விண்டோஸ் சர்வர் போன்ற சர்வர் மென்பொருளுக்குத்தான். இல்லையென்றால் ஒரு பழைய கணினியில் லினக்ஸும், கோப்பு பகிரும் இலவச மென்பொருளான சாம்பாவும் போடுங்கள். அங்கே தலையை எண்ணுகிற வேலையே கிடையாது.

வைஃபை பெரும்பாலும் பிராட்காம் சிப்பாக இருக்கும். போனை யூஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தருவது) இணைத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

பதில் 2:
எளிய வழி இருக்கிறதே. ஒரே ஒரு விண்டோஸ் ப்ரோ கணினியில் கணக்கு மென்பொருளை வைத்து, 3 பேரும் லினக்ஸிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது நெட்வொர்க் வழியே, அதில் நுழையட்டும். ஒரு லைசென்ஸோடு முடிந்தது.

பதில் 1:
முடியாது. ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும், அடுத்தவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே. அதைத் திருத்தி மூவரை விடும் ஒட்டுவேலைகள் உண்டு, ஆனால் அவை ஒப்பந்தத்தை மீறியவை. முறைப்படி செய்ய சர்வர், சிஏஎல், அதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப்புக்கென தனி சிஏஎல் வேண்டும். அந்தப் பட்டியலுக்கே சுற்றி வந்து நிற்பீர்கள். லினக்ஸுக்குள் விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் கணினியாக, விண்டோஸ் ஓட்டினாலும் அதற்கும் லைசென்ஸ் உண்டு.

பதில் 3:
அந்த ஐந்தையும் விண்டோஸ் 10இலேயே வைத்து, நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பணம் கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, மூன்று ஆண்டுதான். கூட்டினால் 427. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதலாண்டுத் தொகையைக் கட்ட வேண்டும். இத்தனை பழைய இயந்திரத்துக்கு அது வீண். மின்ட் 22க்கு 2029 வரை புதுப்பிப்பு வரும், காசில்லாமல்.

ஆனால் "எல்லாம் மிச்சமா" என்று கேட்டீர்களே, அது இல்லை. லைசென்ஸ் பணம் போய், பழக்கும் நேரம் வரும். மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்தது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தார்கள். ஊழியர்களின் புகாரா, வெளியாட்களோடு கோப்புப் பரிமாறும் தொல்லையா, அரசியலா, இன்றும் அதில் சண்டை ஓயவில்லை. பிரான்ஸின் ஜாண்டார்மரி காவல்படை வேறு வரிசையில் போனது. 2005 முதல் விண்டோஸ் மேலேயே ஓபன்ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள், பிறகு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், தண்டர்பேர்டு மின்னஞ்சல். ஆட்கள் பழகிய பின், 2008இல்தான் உபுண்டு என்ற லினக்ஸைத் தொட்டார்கள். இன்றும் அதில்தான் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த வரிசை. நாளைக்கே எல்லோருக்கும் ஓபன்ஆபீஸின் வழிவந்த லிப்ரேஆபீஸ் கொடுத்துவிடுங்கள், இயங்குதளம் ஒரு மாதம் காத்திருக்கட்டும். எக்செல் மேக்ரோ (கோப்புக்குள் தானாக வேலை செய்யும் சிறு நிரல்) இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். சில ஓடும், சில ஓடாது.

கேட்டவர் (ஒரு மாதம் கழித்து):
வைஃபை பிராட்காம்தான், டெதரிங் வழியில் சரியாகிவிட்டது. லிப்ரேஆபீஸ் கொடுத்த மூன்றாம் நாளே ஒருவர் வந்தார், சம்பளக் கணக்கு எக்செல் மேக்ரோ ஓடவில்லை என்று. ஆக விண்டோஸில் இருக்க வேண்டியவர்கள் 3 இல்லை, 4. பழைய கடிதங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துருவை மின்ட்டில் நிறுவியதும் அப்படியே தெரிகின்றன. புதியவற்றை யூனிகோடில் தமிழ்99 கொண்டு தட்டச்சு செய்கிறோம், ஒருவர் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார். 4 கணினி லினக்ஸ், ஐந்தாவதில் சாம்பா. 7 கணினிகளும் இருக்கிற லைசென்ஸிலேயே விண்டோஸ் 11க்குப் போய்விட்டன. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

பதில் 1:
வாங்குங்கள், ஒன்றே ஒன்று. சாம்பா கணினிக்கு வெளி ஹார்டு டிஸ்க். போர்டு ஏற்கெனவே ஒரு தடவை போனதல்லவா, அந்தக் கணினியையா கோப்புகளுக்குத் தேர்ந்தெடுத்தீர்கள்?

கேட்டவர்:
அதேதான். இன்றே டிஸ்க் வாங்கிவிடுகிறேன்.