மார்ச் நடைபவனிக்கு கிரிக்கெட் ஸ்டாரக் கூப்பிடுறதா வேணாமா? (பெருங்குடல் கான்சர்)

கல்லடியான்:
மார்ச் மாசம் பெருங்குடல் கான்சர் விழிப்புணர்வு மாசம். எங்கட கிளப்பால மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்திலரிந்து காந்தி பார்க் வரைக்கும் ஒரு நடைபவனி போக யோசிக்கிறம். கொமிட்டி ரெண்டா உடைஞ்சி நிக்கிது. கொழும்பிலரிந்து பேர் போன கிரிக்கெட் காரர் ஒராளக் கொண்டந்தாத்தான் சனம் வரும் எண்டு ஒரு பகுதி, அந்தக் காசுக்கு உருப்படியா வேற பாருங்க எண்டு மத்தப் பகுதி. நான் கூப்பிடணும் எண்டுற ஆள். 2016ல பருத்தித்துறையிலரிந்து தெய்வேந்திர முனை வரைக்கும் நடந்தாங்களே, காலி கராப்பிட்டிய கான்சர் ஆஸ்பத்திரிக்கு, கிரிக்கெட் காரர் மஹேல ஜயவர்தன நிண்டதாலதானே ரோட்டோரம் அவ்வளவு சனம். உங்கட அபிப்பிராயம்?

களுவாஞ்சி_ராசன்:
மஹேலவ இதுக்குள்ள இழுக்காத தம்பி. அவர்ர சொந்தத் தம்பி 16 வயசில மூளைக்கட்டியால போனவன், அந்தாளுக்கு இது உள்ளுக்க இருந்து வந்த விசயம். நீங்க கூப்பிடப் போறவருக்கு என்ன இருக்கு? ஹோட்டல் ரூம், வேன், பொன்னாட, நாலு போட்டோ, பின்னேரம் பாசிக்குடா. அதே 2016ல மஹரகம கான்சர் ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேனர், உடம்பில கான்சர் எங்க இரிக்கி எண்டு காட்டுற மெசின், வாங்க 20 கோடி ரூபா சேர்ந்திச்சி ஞாபகமா? மகனக் கான்சருக்குப் பறிகுடுத்த ஒரு தகப்பன் முன்னுக்கு நிண்டு செஞ்ச வேலை அது. காசு போட்டது நம்மளப் போல சனம்.

அக்கரப்பத்துப்_புள்ள:
ராசன் அண்ணன், ஸ்டாரால பிரயோசனம் இல்ல எண்டு மொத்தமா அடிக்க ஏலா. அமெரிக்காவில கேட்டி கூரிக் எண்டு டிவியில நிகழ்ச்சி செய்ற பொம்புள, புருசன் 42 வயசில 1998ல இந்த நோயால மௌத்தாப் போனாரு. 2000ம் ஆண்டு மார்ச்ல டிவியிலயே தனக்கு கொலனொஸ்கொபி, அதான் கேமரா வச்ச குழாயால பெருங்குடலுக்குள்ள பாக்கிற டெஸ்ட், செய்றத நாட்டுக்கே காட்டினாங்க. டொக்டர்மார்ர கணக்கெடுத்துப் பாத்ததில ஒராள் மாசத்துக்கு 15 கொலனொஸ்கொபி செஞ்சிட்டிருந்தது 18க்கு மேல ஏறியிரிக்கி, அதுவும் ஒம்பது மாசம் அளவில நிண்டிரிக்கி. ஒரே ஒராள்ர வேலை இது. 2022ல நடிகர் ரயன் ரெனோல்ட்ஸும் 45 வயசில கேமரா வச்சித்தான் செஞ்சாரு, பாத்தா உள்ளுக்க சின்னப் பொலிப், அதான் சதை வளர்த்தி, ஒண்டு, அங்கயே வெட்டி எடுத்திட்டாங்க. விளையாட்டாப் போனவருக்கே அப்பிடி எண்டா மத்தவங்க யோசிப்பாங்களா இல்லயா?

களுவாஞ்சி_ராசன்:
தங்கச்சி அந்த ஆராய்ச்சியில மிச்சத்தயும் சொல்லணும். கூரிக்கப் பாத்திட்டு புதுசா வந்தவங்கள்ள பொம்புளயள்ர பங்குதான் கூடிச்சி, சராசரி வயசும் கீழ இறங்கிச்சி. கூட ஆபத்தில இருக்கிற வயசாளி ஆம்புளயள்ர பங்கு கூடல்ல. இங்கயும் அதான் நடக்கும், கிரிக்கெட் காரரோட செல்ஃபி எடுக்க இருபது வயசுப் பொடியனுகள் வருவானுகள், வெல்லாவெளியில வயல்ல நிக்கிற அறுபது வயசு மனுசன் அண்டைக்கும் வயல்லதான் நிப்பாரு.

மிஸி_அக்கா:
நான் சர்ஜிக்கல் வோட்ல வேலை செஞ்சி பென்சன் எடுத்தவ, அதால பச்சையாச் சொல்றன் கோவிக்காதீங்க. இந்த நோயில சனம் பிந்தி வாறதுக்கு முதல் காரணம் வெக்கம். வெளிக்குப் போகக்குள்ள ரெத்தம் வருது எண்டு பொஞ்சாதிக்கிட்டக் கூடச் சொல்ல மாட்டாங்க, மூலம் எண்டு தாங்களே முடிவெடுத்து, கடையில எண்ணெய் வாங்கிப் பூசி, பத்தியம் புடிச்சி, மெலிஞ்சி எலும்பாகி ரெத்தம் குறைஞ்சி தலசுத்தி விழுந்த பொறகுதான் தூக்கிட்டு வருவாங்க. மூலத்திலயும் ரெத்தம் வரும்தான், ஆனா எது எண்டு பாத்துச் சொல்றது டொக்டர்ர வேலை, உங்கட வேலை இல்ல. இந்தப் பொலிப் எண்டுற சின்னச் சதை கான்சரா மாற அனேகமாப் பத்து வருசம் அளவு எடுக்கும், அவ்வளவு காலத்தத் தந்தும் நாம புடிக்கிறல்ல எண்டுதான் எனக்குக் கோவம். ஆரம்பத்தில புடிச்சா அஞ்சு வருசம் தாண்டி இருக்கிறவங்க பத்தில ஒம்பது பேர், வேற உறுப்புக்குப் பரவினாப் பொறகு பத்தில ஒண்டு ரெண்டுதான்.

இங்கிலாந்தில டெபோரா ஜேம்ஸ் எண்டு ஒரு டீச்சர், 35 வயசில வருத்தம் புடிபட்டது. அவ பீ மாதிரி வேசம் போட்டு ஆடி வீடியோ விட்டவ, மெய்யாத்தான்! உங்கட மலத்தப் பாருங்க எண்டு ஊர் முழுக்கச் சொன்னவ. 2022 மே மாசம் ஒரு நிதியத் தொடங்கி, ஜூன் 28ல 40 வயசில சாகிறதுக்குள்ள 60 லட்சம் பவுணுக்கு மேல சேர்ந்திட்டு. இளவரசர் வில்லியம் வீட்டுக்கே போய்ப் பட்டம் குடுத்தாரு. கவனிங்க, அவ வருத்தத்துக்கு முன்ன ஸ்டாரே இல்ல. வெக்கத்த விட்டதாலதான் ஸ்டார் ஆனவ. நீங்க கூப்பிடுற கிரிக்கெட் காரர் மேடையில நிண்டு கக்கூஸக் கதைப்பாரா எண்டு முதல்ல கேளுங்க, கதைப்பாரெண்டாக் கூப்பிடுங்க.

கல்லடியான்:
அக்கா சொல்றது சரி, ஆனா எல்லாருக்கும் அந்தத் துணிவு வராதே. நடிகர் சாட்விக் போஸ்மன் 2016ல புடிபட்டும் நாலு வருசம் வெளிய சொல்லாம நடிச்சிட்டே இருந்து 43 வயசில செத்தவர். அதுக்காக அவரக் குறை சொல்லவா?

மிஸி_அக்கா:
ஆர் குறை சொன்ன? வருத்தக்காரர் சொல்றதும் சொல்லாததும் அவங்கட உரிமை. நான் கேட்டது சுகமா இருந்து மேடை ஏறுறவர.

சாய்ந்தமருதுக்_காக்கா:
எல்லாரும் ஒண்ட மறந்திட்டீங்க, ஸ்பொன்சர். போன வருசம் இப்பிடித்தான் ஒரு நடைபவனிக்குப் போனன், எந்த ஊரெண்டு வேணாம், டீசேர்ட்ல சொசேஜ் கொம்பனிட விளம்பரம். உலக சுகாதார நிறுவனத்துட கான்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2015லயே சொல்லிட்டு, சொசேஜ் போல பதப்படுத்தின இறைச்சி பெருங்குடல் கான்சருக்குக் காரணம் எண்டு. அத நெஞ்சில குத்திக்கிட்டு நடக்கிற! ஸ்டார் வந்தா ஸ்பொன்சர் வரும், ஸ்பொன்சர் வந்தா இந்தக் கூத்துத்தான். மறுகா இன்னொண்டு, சனத்தப் பயம் காட்டி எழுப்பிட்டா டெஸ்ட்டுக்கு எங்க அனுப்புவீங்க? இங்கிலாந்தில வீட்டுக்கே கிட் அனுப்பி மலத்தில ரெத்தம் பாக்கிறாங்க, இலங்கையில அப்பிடி அரசாங்கத் திட்டம் ஒண்டும் இல்ல. கொலனொஸ்கொபிக்குத் துண்டு எழுதினாலும் திகதி தள்ளித்தான் கிடைக்கும், பிரைவேட்ல எண்டா ஏழைக்கு எட்டாது.

அக்கரப்பத்துப்_புள்ள:
காக்கா, கியூ நீளம் எண்டு சனத்துக்குச் சொல்லாம விடுறதா? கேக்கிற ஆள் கூடினாத்தானே மெசினும் டொக்டரும் கூடும்.

சாய்ந்தமருதுக்_காக்கா:
கூடும், எப்ப? அதுக்குள்ள வருத்தக்காரன் முன்னுக்கும் பயந்தவன் பின்னுக்குமா நிக்கிறாங்களா, இல்ல மாறி நிக்கிறாங்களா எண்டு ஆர் பாக்கிற? அறிகுறி இரிக்கிறவங்களையும், வாப்பா உம்மா கூடப்பொறந்தவங்களுக்கு வந்த குடும்பங்களையும் முதல் அனுப்புங்க. மேடையில அத ஒழுங்காச் சொல்ல கிரிக்கெட் காரர் தேவல்ல, எம்ஓஎச், நம்மட பகுதிச் சுகாதார டொக்டர், காணும்.

வெல்லாவெளிப்_பொடியன்:
எங்கட பக்கம் எம்ஓஎச் கூட்டம் வச்சாக் கதிரதான் கேக்கும் 😂 கூத்துப் போடுங்க, களரி, அதான் கூத்து மேடை, கட்டினா அறுபது வயசு மனுசனும் வயல விட்டுட்டு வருவாரு, விடியும் வரைக்கும் இருப்பாரு. கோமாளி எந்த ஊத்தக் கதையும் கதைக்கலாம், ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க. கூத்துப் பழக்கிற எங்கட அண்ணாவியாருக்கிட்ட நான் கேக்கிறன்.

களுவாஞ்சி_ராசன்:
இது கதை. எங்கட ஊரில ஸ்டார் அண்ணாவியார்தான்.

கல்லடியான்:
கூத்து நல்லம், ஆனா கூத்துக்கு டவுன்ல இருக்கிறவன் வரமாட்டான், பேப்பர்லயும் வராது. நான் கிரிக்கெட் காரருக்கு எழுதத்தான் போறன், கக்கூஸ் கதைக்கணும் எண்டு கடிதத்திலயே போடுறன், சொசேஜ் ஸ்பொன்சர் இல்ல எண்டும் போடுறன். ராசன் அண்ணன் நடக்க வருவீங்கதானே?

களுவாஞ்சி_ராசன்:
நடக்க வருவன். டீசேர்ட் போட மாட்டன், அந்தாளோட போட்டோவுக்கும் நிக்க மாட்டன்.

இறக்காமம்_98:
இடையில வாறத்துக்கு மன்னிக்கணும். மிஸி அக்கா, எங்கட வாப்பாக்கு 57 வயசு, கொஞ்ச நாளா வெளிக்குப் போறது ஒரு மாதிரி மாறி மாறிப் போகுது, ரெத்தமும் கண்டிரிக்காரு போல, உம்மாக்கிட்ட வாய் தவறிச் சொன்னதில எனக்குத் தெரியும். மூலம் எண்டு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு வாறாரில்ல. எந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போற?

மிஸி_அக்கா:
மகன், கிளினிக் தேட வேணாம், நாளைக்குக் காலத்தால கிட்டடி ஆஸ்பத்திரி ஓபிடிக்குக் கூட்டிப் போங்க. ரெத்தம், வெளிக்குப் போற மாற்றம், எப்பலரிந்து, மெலிவு இரிக்கா, குடும்பத்தில ஆருக்கும் இருந்ததா, எல்லாத்தயும் ஒரு துண்டில எழுதிக் குடுங்க, வாப்பா உள்ளுக்க போய் வாய் திறக்க மாட்டாரு. அவங்க சர்ஜிக்கல் கிளினிக்குக்கு எழுதித் தருவாங்க. மூலமாயும் இருக்கலாம், பயப்படுத்தாதீங்க. வர மறுத்தா பிரஷர் பாக்கப் போறம் எண்டு சொல்லிக் கூட்டிப் போங்க, எங்கட வோட்டுக்கு வந்தவங்கள்ள பாதிப் பேர் அப்பிடித்தான் வந்த.