மரபணுவா, குடல் பாக்டீரியாவா? எலும்பு அடர்த்தி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எனக்கு 52 வயது, மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட அளவு, -1.8. -2.5-க்கு இறங்கினால்தான் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) என்பதால் இன்னும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு எலும்புப்புரை உண்டு என்றதும் டாக்டர் "பரம்பரை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அது பொய்யில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி, எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. எல்ஆர்பி5 என்ற ஒரு மரபணு செயலிழந்தால் சின்ன வயதிலேயே எலும்பு முறியும். அதுவே மிதமிஞ்சி வேலை செய்தால் எலும்பு அசாதாரணமாக இறுகும்.

எனக்குக் குழப்பமெல்லாம் குடலில்தான். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது வரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம், எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்குகிறது என்று படித்தேன். ஆனால் 2012-இல் ஸ்வீடன் ஆய்வொன்றில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குத்தான் எலும்பு அதிகமாம்! பிறகு வேறு வம்ச எலிகளில் பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. அப்படியானால் பாக்டீரியா நல்லதா கெட்டதா என்பதே உடம்பின் மரபணுவைப் பொறுத்ததா?

மனிதர்களில் இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு தெரிந்தால் சொல்லுங்கள். குடல் பாக்டீரியா பரிசோதனை எடுத்தவர்கள் இருந்தால், அதை வைத்து டாக்டர் சிகிச்சையில் எதையாவது மாற்றினாரா? புரோபயாடிக் விளம்பர லிங்க் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.