பிளக் கேப்: ‘தாவிடை’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளிதான் பிளக் கேப். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், போன மடலில் குழும ஐயா ஒருவர் ‘தீப்பொறிச்செருகி மின்முனை இடைவெளி’ என்று எழுதியிருந்தார்கள். பொருளில் குறையில்லை. ஆனால் காந்திபுரத்துப் பட்டறையில் பானட்டுக்குள் தலையை விட்டபடி யாராலும் இதைச் சொல்ல முடியாது. அடுத்து வந்த ‘பொறியிடை’ சின்னதுதான். ஆனால் பொறியியல், எலிப்பொறி என்று ‘பொறி’ ஏற்கெனவே பல இடங்களில் வேலை பார்க்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய வண்டியில் கேப் இரண்டு. ஒன்று பிளக்கில், இன்னொன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் பாகம்) பாயிண்டில். பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் சுருள்தான் காயில்; அதில் ஓடும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்தான் பாயிண்ட். பிளக்கில் பொறி தாவியே ஆக வேண்டும். பாயிண்டில் தாவவே கூடாது. தாவினால் முனை கருகும், அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் கண்டென்சர். இரண்டையும் ‘இடைவெளி’ என்றே எழுதினால் படிப்பவர் எதைப் போய்த் திருத்துவார்?

என் பத்மினி காரில் முதலில் நான் செய்தது தப்பு. பாயிண்டும் பழைய காயிலும் அப்படியே இருக்க, பிளக் கேப்பை மட்டும் 25 தௌவிலிருந்து 35 தௌவுக்கு ஏற்றினேன். (தௌ நம் லேத் பட்டறைச் சொல், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 35 தௌ கிட்டத்தட்ட 0.9 மி.மீ.) ஊருக்குள் நன்றாகத்தான் ஓடியது. வால்பாறை மலை ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது பொறி விட்டுவிட்டு விழுந்து இன்ஜின் திக்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அதே கேப்பைத் தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பழைய காயிலுக்கு அந்தத் தெம்பு இல்லை.

அப்புறம்தான் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறினேன். அதில் பாயிண்டுக்குப் பதில் மின்னணுச் சுற்றே மின்சாரத்தைத் துண்டிக்கும். பொள்ளாச்சியில் மெக்கானிக் அண்ணன் பாயிண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிட்டோடு வந்த தாளைப் பார்த்து அதே 35 வைத்தார். பிளக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வளைந்த பக்க முனையை மட்டும் மெல்ல நெம்பினார். நடு முனையைத் தொடவில்லை. அதை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். இடைவெளி அளக்கும் கம்பி கேஜை நுழைத்து இழுத்தார், லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. “இப்பத்தானுங்க காயில்ல சத்து இருக்குது. பொறி தாவறக்கு எடம் விட்டாத் தாவிக்கும். ஐடிலிங் நல்லா நிக்கும் பாருங்க” என்றார். (ஐடிலிங் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது.)

‘தாவறக்கு எடம்’. இதைவிட நல்ல விளக்கம் நமக்கு எங்கே கிடைக்கும்? தாவு, இடை சேர்ந்து தாவிடை. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. கதவடைப்பு புணர்வது போலவே புணர்கிறது. ‘தா, விடை’ என்று பிரித்துப் படிப்பார்களோ என்றும் யோசித்தேன். ‘தாவிடை 35 தௌ’ என்று அளவோடு வரும்போது அந்த ஐயம் வராது. வினைக்கும் தனிச்சொல் தேட வேண்டாம். பட்டறையில் ‘கேப் வை’ என்கிறார்கள், நாம் ‘தாவிடை வை’ என்போம்.

பாயிண்ட் கேப்புக்கு ‘பிரிவிடை’ என்று குறித்து வைத்திருக்கிறேன், முனைகள் பிரிந்து நிற்பதால். ஆனால் சங்கப் பாட்டுத் துறைக்குறிப்புகளில் ‘பிரிவிடை ஆற்றாள்’ (தலைவன் பிரிந்தபோது தாங்கமாட்டாள்) என்று வருவதால் தமிழ் படித்தவர்களுக்குத் தலைவிதான் நினைவுக்கு வருவாள். ‘விலகிடை’ பரவாயில்லையா? பாயிண்ட் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.