தேன்ல எச்.எம்.எஃப் வரம்பு 40ஆ 80ஆ?

வேம்பு: "தேன் எத்தனை வருஷம் வச்சாலும் ஒண்ணுமே மாறாது"ன்னு பக்கத்து திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார், கீழ ஒரே கைதட்டல். எரிச்சலா வருது. தேன்ல இருக்கற ஃப்ரக்டோஸ் சர்க்கரை புளிப்புல தண்ணிய இழந்து எச்.எம்.எஃப்ங்கற (ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃப்யூரல்) சேர்மம் ஆகுது, புதுத் தேன்ல ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும், சூட்டுல வச்சாலும் நாள் ஆக ஆகவும் ஏறிட்டே போகும். கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தரவிதியில அதுக்கு வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம்.

புலிவால்: 80.

வேம்பு: 40. படிச்சுட்டு பேசுங்க.

புலிவால்: வெப்பமண்டலத் தேனுக்கு 80னு அதே பக்கத்துலதான் இருக்கு. பாதி படிக்கறதே உங்க வழக்கம், எண்ணெய் திரியிலயும் இதே கதைதான்.

வேம்பு: எண்ணெய் திரியில பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அது விதிவிலக்கு சார், பொது வரம்பு 40.

கரும்பலகை: நம்பரை விடுங்கப்பா. தேன்ல இருக்கற டயாஸ்டேஸ் நொதி (மாவுச்சத்த உடைக்கறது) இறங்கறத யாரும் பேசல, அதுக்கும் 8 அலகுன்னு குறைஞ்சபட்சம் இருக்கு. சர்க்கரைய உடைக்கற இன்வெர்டேஸ் நொதி அதுக்கும் முன்னாடியே சூட்டுல போயிடும்.

வேம்பு: அதையேதான் சொல்ல வந்தேன், நடுவுல 80 80ன்னு ஒருத்தர் கத்துனா எங்க சொல்றது. நிறம் கருக்கறதும் சும்மா இல்ல, சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நடக்கற மெய்லார்ட் வினைக்கும் அதுல பங்கு இருக்கு.

பூங்கொடி: எங்க வீட்டுத் தேன் அடியில சீனி மாதிரி உறைஞ்சு போச்சு. அப்ப கலப்படம்தானே?

வேம்பு: ஐயோ இல்லம்மா, அது குளுக்கோஸ் படிகமாகறது, நல்ல தேன்லயும் நடக்கும். ஆனா மேல நிக்கற நீர்த்த பகுதிய பாருங்க, படிகம் கம்மியா தண்ணி எடுத்துக்கறதால அங்க ஈரம் கூடிடும், ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம், மூடியத் திறந்தா நுரையும் புளிச்ச வாடையும் வந்தா நொதிக்க ஆரம்பிச்சாச்சு. ஒண்ணுமே மாறாதாம்!

புலிவால்: மாறினா கெட்டதா? நியூசிலாந்து மனுகா தேன்ல வைக்க வைக்க டைஹைட்ராக்சிஅசிட்டோன் மீத்தைல்கிளையாக்சலா மாறி கிருமியக் கொல்ற சக்தி கூடுது. உங்க எச்.எம்.எஃப் வறுத்த காபித்தூள்ல பல மடங்கு இருக்கு, காபி குடிக்கறத நிறுத்திட்டீங்களா?

வேம்பு: எச்.எம்.எஃப் விஷம்னு நான் எங்க சொன்னேன்? ஸ்க்ரீன்ஷாட் போடுங்க. பழசு, சூடாக்கினதுன்னு காட்டிக்கொடுக்கற அடையாளம் அது, அதுக்குத்தான் 40.

புலிவால்: 80.

கரும்பலகை: தேனுக்குக் கிருமியக் கொல்ற சக்தி தர்ற குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி வெளிச்சத்துலயே கெடும், பாட்டிலை இருட்டுல வைங்க. இதையாவது யாராச்சும் மறுக்கறீங்களா?

வேம்பு: உங்கள யாருங்க மறுத்தா? அவர ஸ்க்ரீன்ஷாட் போடச் சொல்லுங்க முதல்ல.

பூங்கொடி: உறைஞ்சத அடுப்புல வச்சு உருக்கலாமா வேணாமா?

புலிவால்: உருக்குங்கம்மா, எச்.எம்.எஃப் 80 ஆகற வரைக்கும் இடம் இருக்கு.

வேம்பு: இவர் பேச்சக் கேட்டு கொதிக்க வச்சிடாதீங்க! வெதுவெதுப்பான தண்ணியில பாட்டில வைங்க போதும். புலிவால், ஸ்க்ரீன்ஷாட் எங்க?